ஆண்டீஸ் மலையின் நீலப் பட்டாம்பூச்சிகளும் ஒரு நாவலாசிரியரும்

பட்டாம்பூச்சி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது பூந்தோட்டமும் வெயிலும்தான். 4,000 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத, இரவில் தண்ணீர் உறைந்துபோகும் மலைமேட்டில் பட்டாம்பூச்சி பறக்கிறது என்று சொன்னால் நம்பச் சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் பறக்கிறது! தென் அமெரிக்காவின் ஆண்டீஸ், ஆசியாவின் இமயமலை, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் என்று உலகின் பெரிய மலைத்தொடர்களில் எல்லாம் பட்டாம்பூச்சிகள் உண்டு. ஒரு மலைத்தொடரில் இருக்கும் இனம் அடுத்ததில் இருப்பதில்லை என்பதும் அடிக்கடி காணக்கூடிய விஷயம்.

இவை எங்கிருந்து வந்தன? இந்தக் குளிரில் வாழ எப்படிப் பழகின? பார்க்க ஒரே சாயலில் இருந்துகொண்டு ஏன் இத்தனை இனங்களாகப் பிரிந்தன? ஆண்டீஸ் மலையில் வாழும் சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சிகளைப் பொறுத்தவரை, இக்கேள்விகளில் முதலாவதற்கு 1945ஆம் ஆண்டு ஒருவர் பதில் எழுதினார். அவர் உயிரியல் பட்டம் பெற்றவர் அல்ல. ஆண்டீஸ் மலைக்குப் போனவரும் அல்ல. அவர் ஒரு நாவலாசிரியர், நாடு இழந்த அகதி. அவர் சொன்னது சரிதான் என்று அறிவியல் உலகம் உறுதி செய்ய 66 ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதையைப் பார்ப்பதற்கு முன், மலைகள் ஏன் இத்தனை இனங்களை உண்டாக்குகின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையும் ஒரு தீவுதான்

ஒவ்வொரு 1,000 மீட்டர் மேலே ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே ஒரு பெரிய மலையில் அடிவாரத்தில் ஒரு காடு, நடுவில் வேறொரு காடு, அதற்கு மேல் புல்வெளி, அதற்கும் மேல் வெறும் பாறையும் பாசியும் என்று அடுக்கடுக்காக இருக்கும். மேல் அடுக்கில் வாழப் பழகிய பூச்சிக்குக் கீழே இருக்கும் வெப்பமான பள்ளத்தாக்கு கடல் மாதிரி. எதிரே தெரிகிற அடுத்த சிகரத்துக்கு அதனால் எளிதில் போக முடியாது. தண்ணீர் சூழ்ந்த தீவு போல, இது வெப்பம் சூழ்ந்த தீவு.

இதோடு பனியுகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடந்த சுமார் 26 லட்சம் ஆண்டுகளில் பூமி பலமுறை குளிர்ந்து, பலமுறை மறுபடி சூடேறியிருக்கிறது. குளிர்ந்த காலங்களில் மலையுச்சித் தாவரங்கள் கீழே இறங்கின, பட்டாம்பூச்சிகளும் கூடவே இறங்கின. அப்போது இரண்டு மலைகளின் பூச்சிகள் பள்ளத்தாக்கில் சந்தித்துக் கலந்தன. சூடேறிய காலங்களில் அவை மீண்டும் மேலே ஏறித் தனித்தனிச் சிகரங்களில் சிக்கிக்கொண்டன. தனியாகச் சிக்கிய கூட்டம் ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் மெல்ல மெல்ல மாறியது. அடுத்த முறை இறங்கி வந்து பழைய சொந்தங்களைச் சந்தித்தபோது இரண்டும் இணைசேர முடியாத அளவுக்கு விலகியிருந்தால், அங்கே ஓர் இனம் இரண்டாகிவிட்டது என்று பொருள்.

மலை வாழ்க்கை உடலையும் மாற்றுகிறது. பட்டாம்பூச்சிக்கு நம்மைப் போல் உடலுக்குள் சூட்டைத் தயாரித்துச் சீராக வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. பறக்கும் தசைகள் நன்றாக வேலை செய்ய உடல் சுமார் 30 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அதனால்தான் பல மலைப் பட்டாம்பூச்சிகளுக்குச் சிறகின் அடிப்பகுதி கருத்தும், உடல் ரோமம் அடர்ந்தும் இருக்கின்றன. காலையில் பாறையில் உட்கார்ந்து, சிறகை வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்புகின்றன. மேகம் மறைத்தால் அப்படியே இறங்கிப் புல்லுக்குள் பதுங்கிவிடும்.

இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துருக்கி, ஈரான் மலைகளில் வாழும் ஒரு நீலப் பட்டாம்பூச்சிக் கூட்டம் நல்ல உதாரணம். அதில் 100க்கும் மேற்பட்ட இனங்கள். பலவற்றைச் சிறகை வைத்துப் பிரித்தறிவதே கடினம். ஆனால் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினால் ஓர் இனத்தில் 10 ஜோடி, வேறோர் இனத்தில் 134 ஜோடி! மனிதர்கள் எல்லாருக்கும் 23 ஜோடிதான். மொராக்கோவின் அட்லஸ் மலையில் இருக்கும் இவற்றின் உறவுக்கார இனம் ஒன்றுக்கு 220க்கும் மேற்பட்ட ஜோடிகள் உண்டு. வெளியே ஒரே சாயல், உள்ளே இவ்வளவு வேறுபாடு.

ஆகவே இந்தப் பூச்சிகளின் வரலாற்றைச் சிறகின் நிறத்தில் தேடினால் கிடைக்காது, உடலுக்குள் தேட வேண்டும். டி.என்.ஏ. ஆய்வு என்பதே இல்லாத காலத்தில் அப்படித் தேடியவர்தான் நம் கதாநாயகர்.

சிறைக்குப் போன பட்டாம்பூச்சி

விளாதிமிர் நபகோவ் 1899ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சட்ட அறிஞர், ஜார் ஆட்சியின் அடக்குமுறையை எதிர்த்த மிதவாத அரசியல்வாதி. அவருக்கும் பட்டாம்பூச்சிகள் மேல் ஆசை உண்டு. மகனுக்கு அந்த ஆசை 7 வயதிலேயே ஒட்டிக்கொண்டது. 1908இல் அரசியல் காரணத்துக்காகத் தந்தை சிறையில் இருந்தபோது, சிறுவன் அவருக்குப் பரிசாக ஒரு பட்டாம்பூச்சியைக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.

புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் சூட்ட வேண்டும் என்பது சிறுவனின் கனவு. ஒருமுறை ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்து, இது புதியதுதான் என்று முடிவு செய்து, இங்கிலாந்தின் பூச்சியியல் பத்திரிகைக்கு எழுதிப் போட்டான். அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிரெட்ச்மர் என்ற ஜெர்மானியர் விவரித்துவிட்டார் என்று தெரியவந்தது. பையனுக்கு எவ்வளவு ஏமாற்றம் என்றால், பெரியவனாகி எழுதிய ஒரு நாவலில் பார்வை இழக்கும் பாத்திரத்துக்கு கிரெட்ச்மர் என்ற பெயரையே வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்!

1917இல் புரட்சி வந்தது. குடும்பம் கிரிமியாவுக்கு ஓடியது. 1919இல் அங்கிருந்தும் கப்பலேறி நாட்டை விட்டே வெளியேறியது. நபகோவின் முதல் அறிவியல் கட்டுரை 1920இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? அகதியாகக் காத்திருந்த நாட்களில் கிரிமியாவில் அவர் பார்த்த பட்டாம்பூச்சிகள்!

அதன்பின் வாழ்க்கை எளிதாக இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கியது இலக்கியத்தில். 1922இல் பெர்லினில் நடந்த ஓர் அரசியல் கூட்டத்தில், வேறொருவரைக் குறிவைத்த கொலையாளிகளைத் தடுக்கப் போன தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். நபகோவ் பெர்லினில் பாடம் சொல்லிக்கொடுத்தும் ரஷ்ய மொழியில் நாவல்கள் எழுதியும் பிழைத்தார். மனைவி வேரா யூதர். ஹிட்லரின் ஜெர்மனியில் இருக்க முடியாமல் 1937இல் பிரான்சுக்குப் போனார்கள். 1938இல் பிரான்சின் தெற்கே, ஆல்ப்ஸ் மலைச்சரிவில் உள்ள மூலினே என்ற ஊரருகே அவர் வலையில் விநோதமான இரண்டு நீலப் பட்டாம்பூச்சிகள் சிக்கின. 1940 மே மாதம், ஜெர்மன் படைகள் பாரிசை நெருங்கிக்கொண்டிருந்தபோது, மனைவி மகனோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நியூயார்க்கில் இறங்கியவர் கையில் பணம் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்தாளராகப் பெயரும் இல்லை. அந்த நிலையில் அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே சம்பளமே இல்லாமல் பட்டாம்பூச்சிகளை ஆராய ஆரம்பித்தார்.

ஆண்டுக்கு 1,000 டாலர்

அடுத்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகம். அங்கே இருந்த பட்டாம்பூச்சிப் பெட்டிகள் ஒழுங்கில்லாமல் கிடப்பதைப் பார்த்து, சரிசெய்து தருகிறேன் என்று தானே முன்வந்தார். பிறகு ஆராய்ச்சியாளர் என்ற பகுதிநேரப் பதவி கிடைத்தது. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர். அருகிலிருந்த கல்லூரியில் பாடம் நடத்திய வருமானமும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது. ஆனால் 1948 வரை அந்த அருங்காட்சியகத்தின் பட்டாம்பூச்சிப் பிரிவை நடைமுறையில் கவனித்துக்கொண்டவர் அவர்தான்.

அவர் எடுத்துக்கொண்டது நீலப் பட்டாம்பூச்சிகளை. நம் ஊரிலும் புல்தரையை ஒட்டித் தாழப் பறக்கும் கட்டைவிரல் நகம் அளவு நீலப் பூச்சிகளைப் பார்த்திருப்போம். அதே பெருங்குடும்பம்தான். உலகெங்கும் பரவிய இவற்றின் புழுக்களில் பல அவரை, பட்டாணி வகைச் செடிகளைத் தின்று வளர்பவை. பல இனங்களின் புழுக்கள் இனிப்பான நீரைச் சுரந்து எறும்புகளுக்குக் கொடுக்கும். பதிலுக்கு எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும்.

எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் இந்தப் பூச்சிகளைப் பிரித்தறிய நபகோவ் நம்பியது நுண்ணோக்கியை. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு இனத்துக்கு இனம் வடிவத்தில் மாறும். அதை வெட்டியெடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு வளைவையும் அளந்து வரைந்தார். சிறகின் மேல் ஓடு வேய்ந்தது போல் இருக்கும் செதில்களை வரிசை வரிசையாக எண்ணினார். சில நாட்களில் 14 மணி நேரம் வரை இந்த வேலை நடக்கும். கண்பார்வையே அதனால் கெட்டுப்போனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வாழ்நாளில் மிக இன்பமான காலங்களில் ஒன்று அதுதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஐந்து அலைகள்

வட அமெரிக்காவின் நீலப் பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், தென் அமெரிக்க இனங்களையும் எடுத்துப் பார்த்தார். கையில் இருந்தவை சுமார் 120 மாதிரிகள்தான். எல்லாம் யார் யாரோ எப்போதோ பிடித்துவந்து குண்டூசியில் குத்தி வைத்தவை. அதை வைத்துக்கொண்டு 1945இல் ‘சைக்கி’ என்ற சிறிய பூச்சியியல் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரே பெயரின் கீழ் அள்ளிப் போடப்பட்டிருந்த ஆண்டீஸ் பூச்சிகளைப் பிரித்து, பல புதிய பேரினங்களை அதில் ஏற்படுத்தினார்.

அந்தக் கட்டுரையில்தான் துணிச்சலான ஒரு கருத்தையும் சொன்னார். ஆண்டீஸ் நீலப் பட்டாம்பூச்சிகள் அங்கேயே தோன்றியவை அல்ல, அவற்றின் முன்னோர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதே அது.

ஆசியா எங்கே, பெரு நாடும் சிலி நாடும் எங்கே? நடுவில் பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. நபகோவ் சொன்ன பாதை வேறு. ஆசியாவின் வடகிழக்கு மூலையும் அலாஸ்காவும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. இடையில் உள்ள பெரிங் நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 85 கிலோமீட்டர். பூமியின் வரலாற்றில் கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் அது தரையாகவே இருந்திருக்கிறது. அந்தத் தரைவழியாகப் பட்டாம்பூச்சிகள் அமெரிக்காவுக்குள் நுழைந்து, தலைமுறை தலைமுறையாகத் தெற்கே பரவின என்றார். ஒரு பூச்சி பறந்து கடந்த பயணம் அல்ல இது. ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், பல லட்சம் ஆண்டுகளில் முடிந்த பயணம்.

அதுவும் ஒருமுறை அல்ல, ஐந்து அலைகளாக வந்தன என்று வரிசையும் சொன்னார். முதல் அலையில் வந்தவற்றின் வாரிசுகள் தென் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தன. இரண்டாவது அலை மேற்கு வட அமெரிக்காவில் நிலைத்தது. மூன்றாவது அலையின் வாரிசுகள் வட அமெரிக்காவில் பரவலாக இருப்பவை. கடைசி இரண்டு அலைகளும் வடகோடியின் குளிர் நிலங்களிலும் உயர்ந்த மலைகளிலும் காணப்படுபவை. எச்.ஜி. வெல்ஸின் கால எந்திரத்தில் ஏறி அந்தந்தக் காலத்துக்குப் போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்ற கற்பனை வழியாகவே இதை விளக்கியிருந்தார். நாவலாசிரியர் அல்லவா!

யாரும் கண்டுகொள்ளவில்லை

அந்தக் கட்டுரைக்கு என்ன வரவேற்பு? பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டீஸ் பூச்சிகளை ஆராய்கிறவர்களே அன்று உலகில் வெகு சிலர். மேலும், விரைவிலேயே நபகோவின் பெயர் வேறு காரணத்துக்காக உலகெங்கும் பரவியது. 1948இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இலக்கியம் கற்பிக்கப் போனார். 1955இல் ‘லோலிடா’ நாவல் பாரிசில் வெளிவந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 1958இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதன்பின் அவருடைய பட்டாம்பூச்சி வேலை, பிரபலமான எழுத்தாளரின் பொழுதுபோக்கு என்றே பலருக்கும் தோன்றியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாவலின் பெரும்பகுதி எழுதப்பட்டதே பட்டாம்பூச்சிப் பயணங்களின்போதுதான். கோடை விடுமுறைகளில் வேரா காரோட்ட, இருவரும் அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்குப் போவார்கள். 1949இல் அவர் அருங்காட்சியகத்தில் இருந்த ஆண் பூச்சிகளை மட்டும் வைத்து ஒரு நீலப் பட்டாம்பூச்சிக்குப் பெயர் வைத்திருந்தார். அதன் பெண் பூச்சியை யாரும் பார்த்ததில்லை. 1951 கோடையில், 52 வயதில், கொலராடோ மாநிலத்தின் டெலுரைட் என்ற சுரங்க ஊருக்கு மேலே உள்ள செங்குத்தான மலைச்சரிவில் ஏறி ஏறித் தேடி, அந்தப் பெண் பூச்சியைத் தானே பிடித்தார்.

ரஷ்யப் புரட்சி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், தான் முழுநேரமும் பட்டாம்பூச்சி ஆராய்ச்சியிலேயே இருந்திருப்பேன், நாவலே எழுதியிருக்க மாட்டேன் என்று ஒரு பேட்டியில் அவர் சொன்னதுண்டு. 1961இல் சுவிட்சர்லாந்தில் குடியேறிய பிறகும் ஆல்ப்ஸ் மலையில் வலையோடு அலைவது நிற்கவில்லை. 1975இல், 76 வயதில், டாவோஸ் மலைச்சரிவில் பட்டாம்பூச்சி பிடிக்கப் போய் விழுந்தார். அதன்பின் உடல்நிலை தேறவில்லை. 1977 ஜூலை 2 அன்று லோசான் நகரில் காலமானார். ஐந்து அலைகள் பற்றிய கருத்து அப்போதும் ஒரு பழைய இதழின் பக்கங்களில் அப்படியே கிடந்தது.

பெட்டியிலிருந்து வெளியே

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும்தான் நிலைமை மாறியது. கர்ட் ஜான்சன், சோல்ட் பாலிண்ட், டூபி பென்யாமினி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தென் அமெரிக்க நீலப் பட்டாம்பூச்சிகளை விரிவாக ஆராய்ந்தார்கள். நபகோவிடம் இருந்ததைவிடப் பல மடங்கு மாதிரிகள் அவர்களிடம் இருந்தன. அவர் செய்த பாகுபாடு நிற்குமா என்று பார்த்தால், நின்றது! சூடோலுசியா, பாராலைகெய்டிஸ் என்று அவர் ஏற்படுத்திய பேரினங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மகிழ்ச்சியில் அவர்கள் புதிதாகக் கண்ட ஆண்டீஸ் இனங்களுக்கு லோலிடா, வேரா, ஏடா என்று நபகோவின் பாத்திரங்களின் பெயரையும் மனைவியின் பெயரையும் சூட்டினார்கள். அதற்கு முன்பே, 1960இல், ஒரு பேரினத்துக்கு நபகோவியா என்றே பெயர் வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் பாகுபாடு சரியாக இருப்பது வேறு, பயண வரலாறு சரியாக இருப்பது வேறு. அதைச் சோதிக்க வந்தவர் நவோமி பியர்ஸ். நபகோவ் இருந்த அதே ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் 1990 முதல் பட்டாம்பூச்சிப் பிரிவின் பொறுப்பாளர். 1999இல் நபகோவின் நூற்றாண்டுக்காக ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தபோது 1945ஆம் ஆண்டுக் கட்டுரையை ஊன்றிப் படித்தார். ஆசியாவிலிருந்து ஐந்து அலைகள் என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது.

இதை எப்படிச் சோதிப்பது? யோசனை எளிமையானது. ஆண்டீஸ் பூச்சிகளின் முன்னோர்கள் அமேசான் பகுதியிலேயே தோன்றி, மலை உயர உயரப் பிரிந்து போயிருக்கலாம் என்றும் ஒரு சாத்தியம் இருந்தது. அது உண்மையானால், அமெரிக்கக் கண்டங்களின் நீலப் பட்டாம்பூச்சிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். நபகோவ் சொன்னது உண்மையானால், அவற்றில் பலவற்றுக்கு அக்கம்பக்கத்து அமெரிக்கப் பூச்சிகளைவிட ஆசியப் பூச்சிகள்தான் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும்.

பியர்சும் ரோஜர் வீலா உள்ளிட்ட கூட்டாளிகளும் ஆண்டீஸ் மலைக்கு நான்கு முறை போய்ப் பூச்சிகளைச் சேகரித்தார்கள். பாலிண்ட், ஜான்சன், பென்யாமினி மூவரும் இந்த ஆய்வில் சேர்ந்துகொண்டார்கள். பூச்சிகளின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி, எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று வம்ச மரம் வரைந்தார்கள். 2011 ஜனவரியில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் முடிவு வெளியானது.

ஐந்து அலைகள். நபகோவ் சொன்ன அதே ஐந்து! முதல் அலை சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது. இரண்டாவது அதற்குப் பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் கழித்து. மூன்றாவது சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன். கடைசி இரண்டும் ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து.

இன்னொரு அழகான விஷயமும் தெரியவந்தது. 1 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிங் பகுதி இன்றைவிட வெப்பமாக இருந்தது. போகப்போகக் குளிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வோர் அலையில் வந்த பூச்சிகளின் வாரிசுகளும் எந்தக் குளிரைத் தாங்குகின்றன என்று பார்த்தால், அந்தந்தக் காலத்துப் பெரிங் தட்பவெப்பத்தோடு அது பொருந்தியது. முதலில் வந்தவை வெப்பம் விரும்பிகளின் வழித்தோன்றல்கள், கடைசியில் வந்தவை குளிர் தாங்கிகள். ஒரே வாசல்தான். அந்தந்தக் காலத்துத் தட்பவெப்பத்துக்கு ஏற்றவற்றை மட்டுமே உள்ளே விட்டிருக்கிறது. அப்படியானால் இன்று ஆண்டீஸ் உச்சியில் குளிரில் வாழ்பவை? மலை உயர்ந்தபோது கூடவே ஏறி, அங்கே வந்த பிறகு குளிருக்குப் பழகிக்கொண்டவை.

பட்டாம்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2023இல் வெளியான ஒரு பெரிய டி.என்.ஏ. ஆய்வு இந்தக் கதைக்கு முன்கதை ஒன்றையும் சேர்த்தது. சுமார் 2,300 இனங்களை ஒப்பிட்டதில், பட்டாம்பூச்சிக் குலமே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பகுதியில் தோன்றியது என்றும், பிறகு பெரிங் வழியாகவே ஆசியாவுக்குள் நுழைந்தது என்றும் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் நபகோவின் நீலப் பட்டாம்பூச்சிகள், மூதாதையர் போன வழியிலேயே திரும்பி வந்திருக்கின்றன.

எல்லாமே சரியா?

இப்படிப்பட்ட கதைகளில் கதாநாயகரை ஒரேயடியாக உயர்த்திவிடும் ஆபத்து உண்டு. நபகோவ் சொன்னதெல்லாம் சரியல்ல. 1938இல் மூலினேயில் பிடித்த அந்த இரண்டு பூச்சிகளுக்கு அவர் 1941இல் தனிப்பெயர் வைத்தார். அது தனி இனம் அல்ல, இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்தது என்று 1989இல் நிரூபிக்கப்பட்டது. பூச்சிகள் இலை போலவும் வேறு பூச்சிகள் போலவும் வேடமிடுவதை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். அவ்வளவு நுட்பம் பிழைப்புக்குத் தேவையில்லை என்பது அவர் வாதம். அறிவியல் அதை ஏற்கவில்லை.

அப்படியானால் ஐந்து அலைகள் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டமா? இல்லை. மற்ற இடங்களில் ரசனையும் ஆசையும் பேசின. இங்கே பேசியது ஆயிரக்கணக்கான மணி நேர அளவெடுப்பு. உறுப்புகளின் வளைவுகளில் தெரிந்த ஒற்றுமையைக் கொண்டு யார் யாருக்கு உறவு என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்குச் சரியாக இருந்ததால்தான், வேறொரு காலத்தில் வேறொரு கருவியோடு வந்தவர்களும் அதே விடையை அடைந்தார்கள். தணிக்கைக்குப் பழைய பேரேட்டை எடுத்தவர்கள், பதிவுகள் எல்லாம் ஒத்துப்போவதைக் கண்டு வியந்த மாதிரிதான் இது. ஹார்வர்டில் அந்தப் பதிவுகளும், குண்டூசியில் குத்திய மாதிரிகளும் பத்திரமாக இருந்ததும் ஒரு காரணம். பயனற்றது என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால்?

மேலே இடம் இல்லை

மலைப் பட்டாம்பூச்சிகளின் வரலாறு இன்னும் முடியவில்லை. வெப்பம் ஏறினால் மேலே ஏறு, குளிர்ந்தால் கீழே இறங்கு என்பதுதான் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவற்றின் பிழைப்பு வழி. இன்றும் அதையே செய்கின்றன. ஸ்பெயின் நாட்டின் குவாதர்ராமா மலைத்தொடரில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், 16 பட்டாம்பூச்சி இனங்களின் கீழ் எல்லை 30 ஆண்டுகளில் சராசரியாக 212 மீட்டர் மேலே போயிருந்தது. அதே காலத்தில் அங்கே சராசரி வெப்பநிலை 1.3 டிகிரி உயர்ந்திருந்தது. பூச்சிகள் கணக்குத் தவறாமல் ஏறியிருக்கின்றன.

ஆனால் மலை என்பது மேலே போகப்போகக் குறுகும் இடம். ஒருநாள் உச்சி வந்துவிடும். அதற்கு மேல் ஏற இடம் இல்லை. பழைய பனியுகங்களில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் அவகாசம் கிடைத்தது, இப்போது கிடைப்பது சில பத்தாண்டுகள்தான். மலையில் இல்லாத பூச்சிகளுக்கும் வேறு வகையில் இடம் குறைகிறது. நபகோவ் 1944இல் பெயர் சூட்டிய கார்னர் நீலப் பட்டாம்பூச்சி, அதன் புழு தின்னும் காட்டு லுப்பின் செடி வளரும் நிலங்கள் அழிந்துபோனதால், 1992இல் அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினங்கள் பட்டியலில் சேர்ந்தது.

நபகோவ் பிடித்த 4,000க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகள் லோசான் நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த மலை, எந்த நாள் என்று ஒரு சின்னத் துண்டுச்சீட்டு. இதனால் என்ன லாபம் என்று கேட்டால் உடனடியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1945இல் கேட்டிருந்தால் ஹார்வர்டின் பெட்டிகளைப் பற்றியும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.